பீடித் தட்டும் வாசற்கதவும்: முக்கூடல் பக்கத்து வீடொன்றில் நாயைப் பழக்கிய நிகழ்வு ஆய்வு

முக்கூடல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பம் வளர்த்துவந்த 11 மாதப் பெட்டை நாயைப் பற்றியது இந்த ஆய்வு. நாயை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று வீட்டார் ஏறக்குறைய முடிவு செய்துவிட்ட நிலையில் அது கால்நடை மருத்துவனாகிய என்னிடம் கொண்டுவரப்பட்டது. பயிற்சிக்கென்று தனியாகக் கால் மணி நேரம் ஒதுக்கக்கூட அவ்வீட்டில் யாருக்கும் இயலாது. ஒதுக்காமலேயே, அன்றாட வேலைகள் நடக்கும் வரிசையிலேயே அந்த நாய் பழகியது என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன். குடும்பத்தாரின் ஒப்புதல் உண்டு. அவர்கள் பெயரும் ஊர்ப்பெயரும் விடப்பட்டுள்ளன. நாயின் பெயரை மட்டும் உள்ளபடியே தருகிறேன்: செவலை.

வீடும் நாயும்

வீட்டில் ஐந்து பேர்: எழுபதைக் கடந்த ஆச்சி, அவருடைய மகன், மருமகள், ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பேத்தி, நான்காம் வகுப்பில் படிக்கும் பேரன். மகன் வாழைத்தார் ஏற்றும் சிறிய லாரி ஓட்டுகிறார். புறப்படும் நேரமும் திரும்பும் நேரமும் அவர் கையில் இல்லை. மருமகள் பீடி சுற்றுகிறார். நாளொன்றுக்கு 1000 பீடி, அதாவது 25 பீடி கொண்ட 40 கட்டு, என்பது அவருடைய கணக்கு. அதற்காக ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாமல் மடியில் தட்டை வைத்துக்கொண்டு, வீட்டின் முன்கூடமான தார்சாவில் உட்கார்ந்திருப்பார். மாலையில் கட்டுகளைப் பீடிக்கடையில் கொடுத்துவிட்டு மறுநாளைக்கான பீடி இலையும் புகையிலைத் தூளும் வாங்கி வரவேண்டும். ஆச்சிக்கு இப்போது விரல் ஓடுவதில்லை. அருகில் உட்கார்ந்து இலை வெட்டிக் கொடுப்பதோடு சரி.

செவலை சாத்தூர்ப் பக்கத்து உறவினர் வீட்டிலிருந்து இரண்டு மாதக் குட்டியாக வந்தது. தாய் சிப்பிப்பாறை, தந்தை எதுவென்று தெரியாது. நீண்ட கால், ஒடுங்கிய வயிறு, குறுகிய தலை ஆகியவற்றைப் பார்த்தால் தாயின் சாயலே மிகுதி. சிப்பிப்பாறை நாய் கண்ணால் கண்டு துரத்தும் வேட்டை நாய். கரிசல் காட்டில் முயலின் பின்னால் ஓடுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்க்கப்பட்டது. முயல் வேட்டை 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று குற்றம். எனினும் அந்த ஓட்டம் நாயின் உடம்பை விட்டுப் போய்விடவில்லை. செவலையைப் பற்றிய எந்த முடிவையும் இதை மனத்தில் வைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

வந்த குறைகள்

முதல் குறை வாசற்கதவு. கொண்டியின் ஓசை கேட்டதும் செவலை எங்கிருந்தாலும் பாய்ந்து வந்து, கதவு ஒரு சாண் திறப்பதற்குள் இடுக்கில் தலையை நுழைத்து வெளியேறிவிடும். பால்காரர் வந்த ஒரு விடியற்காலையில் அது இடித்துக்கொண்டு ஓடியதில் ஆச்சி படியில் விழுந்தார். எலும்பு முறியவில்லை என்றாலும் இடுப்பில் பட்ட அடியால் சில வாரம் நடமாட முடியாமல் கிடந்தார். நாயைக் கொடுத்துவிடும் பேச்சு அன்றுதான் தொடங்கியது.

இரண்டாவது குறை இதைவிட ஆபத்தானது. மருமகள் அடுப்பைப் பார்க்க எழுந்து போன சிறு பொழுதில் செவலை தட்டில் இருந்த புகையிலைத் தூளை நக்கித் தின்றுவிட்டது. அரை மணி நேரத்துக்குள் எச்சில் ஒழுகி, வாந்தி எடுத்து, கால்கள் நடுங்கத் தொடங்கின. கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். புகையிலையில் உள்ள நிக்கோட்டின் நாய்க்கு நஞ்சு. உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் உள்ளே போனால் உயிர் போகக்கூடும். அறிகுறிகள் அதற்கு வெகு முன்பே தோன்றிவிடும். பீடித் தூளின் எடையில் நூற்றுக்கு 2 பங்கு நிக்கோட்டின் என்று வைத்துக்கொண்டால் 10 கிராம் தூளில் 200 மில்லிகிராம் இருக்கும். செவலையின் எடை 17 கிலோ. எனவே இரண்டு கட்டுப் பீடிக்கான தூளே அதன் உயிரை வாங்கப் போதும். அன்று வாந்தியோடு பெரும்பகுதி வெளியே வந்துவிட்டது நல்லதாயிற்று. பீடி சுற்றும் ஊர்களில் நாய் வளர்ப்போருக்காக ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இத்தகைய வேளையில் வயிற்றுப் புளிப்பைக் குறைக்கும் மருந்தை வீட்டிலேயே கொடுத்துவிடக் கூடாது. புளிப்பு குறைந்தால் வயிற்றிலிருந்து நிக்கோட்டின் இரத்தத்தில் ஏறுவது கூடிவிடும்.

மூன்றாவது, ஆடு. ஆற்றுக்குப் போகும் வழியில் வெள்ளாட்டுக் குட்டியின் பின்னங்காலை ஒருமுறை கவ்விவிட்டது. குட்டி பிழைத்தது, ஆட்டுக்காரருக்குப் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று.

என்னிடம் வருவதற்கு முன் வீட்டார் இரண்டு வழிகளை முயன்றிருந்தார்கள். தெரிந்தவர் ஒருவர் சொன்னபடி கழுத்தை இறுக்கும் சங்கிலியும் கம்பும் முதலாவது. புறவாசலில் நாள் முழுதும் கட்டிப்போட்டது இரண்டாவது. அடி வாங்கியதில் செவலை கதவுக்குப் பாய்வதை நிறுத்தவில்லை. ஆச்சி விளக்குமாற்றை எடுக்கக் குனிந்தாலே ஒடுங்கிப் பல்லைக் காட்டக் கற்றுக்கொண்டது. அச்சத்தால் பல்லைக் காட்டும் நாய், சிறு குழந்தை உள்ள வீட்டில் குதிக்கும் நாயைவிடப் பல மடங்கு ஆபத்தானது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் அடிப்பதை மட்டும் குற்றமாகச் சொல்லவில்லை. வழக்கமாகக் கட்டிப்போடப்படும் நாய்க்குத் தக்க நடையும் ஓட்டமும் தராமல் விடுவதையும் அதே 11ஆம் பிரிவு குற்றமாகவே கூறுகிறது. வீட்டாரை மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. நாயின் ஓட்டம் அதன் உரிமை என்பது சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது என்று சொன்னபோது, மகன் அதை மிகுந்த கவனத்தோடு கேட்டுக்கொண்டார்.

உடலைப் பார்த்தது

நடத்தையைத் தொடுமுன் உடலைப் பார்ப்பது கட்டாயம். காதிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருந்தது. இரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல் இல்லை. பார்வை, மூட்டு, பல் யாவும் நன்று. வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்திலேயே போடப்பட்டு, அடுத்த ஊசியும் போடப்பட்டிருந்தது. உணவு, காலையில் தயிர்ச்சோறும் இரவில் மீந்த சோறும் மீன் குழம்பும். மிளகாயும் வெங்காயமும் சேர்ந்த குழம்பை நிறுத்தச் சொன்னேன். வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

அன்றாடம் நாய்க்கு எதைக் கற்பித்தது

விடியற்காலை வாசல் தெளிப்பதிலிருந்து இரவுச் சாப்பாடு வரை அவ்வீட்டில் நாய்க்கும் மனிதருக்கும் இடையே நடப்பவற்றைக் குறித்துக்கொண்டேன். செவலைக்குப் பயிற்சியே இல்லை என்று வீட்டார் நம்பியிருந்தார்கள். விடியல் முதல் இரவு வரை அதற்குப் பயிற்சி நடந்துகொண்டே இருந்தது என்பதைத்தான் அந்தக் குறிப்புகள் காட்டின.

மருமகள் சுற்றிக்கொண்டிருக்கும்போது நாய் தட்டருகே மூக்கை நீட்டும். அவர் கை வேலையை விட இயலாதவர். ஆகவே பக்கத்தில் இருக்கும் முறுக்கிலோ பிஸ்கட்டிலோ ஒரு துண்டை ஒடித்து முற்றத்தை நோக்கி எறிவார். நாய் ஓடித் தின்றுவிட்டு நேரே தட்டுக்குத் திரும்பும். தட்டை முகர்ந்தால் முறுக்கு வரும் என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு நாய்க்குக் கற்பிக்க முடியாது. ஆச்சி கதவருகே நின்று “போ, போ” என்று சத்தமிடுவார். பேரன் அதே நேரத்தில் சிரித்துக்கொண்டே அதனுடன் ஓடுவான். மகன் நள்ளிரவில் வந்தால் தெருவிலிருந்தே சீழ்க்கையடிப்பார். கதவைத் திறந்ததும் செவலை தாவி அவர் மார்பில் ஏறும், அவரும் தூக்கிக் கொஞ்சுவார். பேத்தி “சிட்” என்பாள், ஆச்சி “கெட” என்பார், மகன் “உக்காரு” என்பார். மூன்றுக்கும் ஒரே பொருள் என்று நாய்க்கு யாரும் சொல்லவில்லை. நான் குறித்தவற்றைப் படித்துக் காட்டியபோது ஆச்சி சொன்னது இது: “அதுக்கு வாய் இருந்தா நம்மள கேக்கும் டாக்டர் தம்பி, ஆளுக்கொண்ணு சொல்லுதியளேன்னு.”

நல்ல விளைவைத் தரும் செயல் மீண்டும் நிகழும், தராத செயல் தேயும் என்று, கூண்டில் அடைத்த பூனைகளை வைத்து உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1898இல் காட்டினார். பின்வந்த ஸ்கின்னர், ஒவ்வொரு முறையும் பலன் தரும் செயலைவிட எப்போதாவது பலன் தரும் செயலே எளிதில் அழியாது என்பதை ஆய்வுக்கூடத்தில் நிறுவினார். செவலை கதவுக்குப் பாய்ந்ததில் பல முறை தடுக்கப்பட்டது. சில முறை வெளியே ஓடிவிட்டது. அந்தச் சில முறைகள்தாம் பாய்ச்சலை அவ்வளவு உறுதியாக்கின. “பத்துத் தடவையில் எட்டுத் தடவை பிடித்துவிடுகிறோமே” என்று மகன் கேட்டார். மீதி இரண்டு தடவைதான் அதற்குப் பாடம் என்பதை விளக்க வேண்டியிருந்தது.

எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் பயன்பட்டது உளவியலாளர் டேவிட் பிரெமாக் 1959இல் எழுதிய கருத்து. ஓர் உயிர் தானாகவே மிக விரும்பிச் செய்யும் செயலை, அது அவ்வளவாக விரும்பாத செயலுக்குப் பரிசாக வைக்கலாம் என்பது அதன் சாரம். குழந்தைகளை வைத்து அவர் செய்த சோதனையில், மிட்டாயைவிட விளையாட்டு எந்திரத்தை விரும்பிய குழந்தைகள், விளையாடும் வாய்ப்புக்காகக் கூடுதலாக மிட்டாய் தின்றார்கள். அப்படியானால் பரிசு என்பது தின்பண்டமாகவே இருக்க வேண்டியதில்லை. செவலைக்குக் கதவு திறப்பது பரிசு. ஆற்றுப் பாதையில் அடுத்த அடி வைப்பது பரிசு. மகனின் மடி பரிசு. இவை எல்லாம் அவ்வீட்டில் நாள்தோறும் இலவசமாகக் கொடுக்கப்பட்டுவந்தன. பெரும்பாலும் நாம் விரும்பாத நடத்தையின் முடிவில் கொடுக்கப்பட்டன. கொடுப்பதை நிறுத்தாமல், கொடுக்கும் தருணத்தை மட்டும் மாற்றினால் போதும் என்பதே என் திட்டத்தின் அடிப்படை. பயிற்சி நேரம் தேடித் தவிக்கும் குடும்பங்களுக்கு இதைவிட நடைமுறையான வழியை நான் அறியேன்.

வாசற்கதவு

விதி ஒன்றுதான்: செவலையின் பின்பகுதி தரையில் இருந்தால் கதவு திறக்கும், எழுந்தால் மூடும். “இரு”, “வா” என்ற இரண்டு சொற்களை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். “சிட்” முதலிய மற்றவை கைவிடப்பட்டன. முதலில் கை கொண்டியைத் தொடுவதற்கே உட்கார வேண்டும். அடுத்து கொண்டியைத் தூக்குவதற்கு. பிறகு விரல் அளவு, சாண் அளவு, முழுத் திறப்பு. “வா” என்ற பின்னரே வெளியே கால் வைக்கலாம். வெளியே போனதும் வாசல் திண்ணையான படிப்புரையில் ஒரு சுற்று மோப்பம் பிடிக்க விட்டார்கள், அதுதான் கூலி.

இதில் பாதுகாப்பை யாரும் பயிற்சியை நம்பி விட்டுவிடக் கூடாது. தார்சாவுக்கும் வாசல் நடைக்கும் நடுவே இடுப்பளவு மூங்கில் தட்டி ஒன்றைக் கட்டச் சொன்னேன். பால்காரர் வரும் அவசர நேரத்திலும் ஆச்சி தனியாக இருக்கும்போதும் நாய் தட்டிக்கு உட்புறம். நாய் தப்பி ஓடிப் பலன் பெறும் அந்த இரண்டு தடவைகளையும் இல்லாமல் செய்தது உண்மையில் இந்தத் தட்டிதான்.

பலன் நின்ற பழக்கம் சாவதற்கு முன் ஒருமுறை வெறிபிடித்து எழும். இதை முன்கூட்டியே சொல்லியிருந்தேன். முதல் வாரத்தில் செவலை தட்டியைப் பிறாண்டிக் குரைத்தது. பக்கத்து வீட்டார் வந்து கேட்டார்கள். அந்த நேரத்தில் யாராவது மனமிரங்கித் திறந்திருந்தால், குரைத்தால் திறக்கும் என்ற புதிய பாடம் பதிந்திருக்கும். மருமகள் திறக்கவில்லை. இரண்டாம் வாரக் கடைசியில் கொண்டியின் ஓசை கேட்டதும் ஓடி வந்து, சொல்லாமலே உட்கார்ந்தது. கதவின் ஓசையே கட்டளை ஆகிவிட்டது. ஆச்சி போன்ற முதியவருக்கு இது பெரிய உதவி. அவர் எதையும் உரக்கச் சொல்லவோ குனியவோ வேண்டியதில்லை.

தட்டும் சாக்கும்

புகையிலைக்கு முதல் மருந்து மூடிதான். தூள் எப்போதும் மூடி போட்ட தகர டப்பாவில். எழுந்து போகும்போது தட்டு பட்டாசல் (உள்கூடம்) பரணில். இலைக்குப்பையும் சிந்திய தூளும் உடனே பெருக்கி எடுக்கப்பட வேண்டும். நாய் எவ்வளவு பழகினாலும் இந்த ஒழுங்கு மாறக் கூடாது என்பதை எழுதியே கொடுத்தேன். “விடு” என்ற சொல்லைக் கற்ற நாய் ஆள் இருக்கும்போது விடும். ஆளில்லாத வீட்டில் நஞ்சுக்கு முன் அந்தச் சொல்லை நம்பி நாயை விட்டுப்போவது தகாது.

ஆயினும் நாளில் ஒன்பது மணி நேரம் தட்டு திறந்துதான் இருக்கும். அந்த நேரத்தில் நாய் எங்கே இருக்க வேண்டும் என்பதே கேள்வி. “தட்டுக்கிட்ட வராதே” என்பது நாய்க்குப் புரியாத கட்டளை. எதைச் செய்யக் கூடாது என்பதைவிட எதைச் செய்யலாம் என்பதையே அதற்குக் கற்பிக்க முடியும். தார்சாவின் மறுமூலையில், மருமகள் உட்காரும் இடத்திலிருந்து இரண்டு ஆள் நீளத்துக்கு அப்பால், தூண் நிழலில் ஒரு சாக்கை விரித்தோம். சாக்கில் படுத்திருந்தால் தின்ன வரும், வேறெங்கிருந்தும் வராது.

இங்கே ஒரு சிக்கல். மருமகளின் விரல்களில் எப்போதும் தூள் ஒட்டியிருக்கும். அந்தக் கையால் நாய்க்கு எதையும் கொடுக்கக் கூடாது. எனவே கொடுப்பவர் ஆச்சி ஆனார். அவரும் இலை வெட்டுபவரே தவிரத் தூளைத் தொடுவதில்லை. வேகவைத்த கோழி ஈரலைப் பொரிகடலை அளவில் நறுக்கி, ஒரு சிரட்டையில் போட்டு மேலே தட்டு மூடி அவர் அருகில் வைக்கப்பட்டது. ஈரல் கிடைக்காத நாளில் அவித்த முட்டை. எதுவானாலும் அன்றைய சோற்றளவிலிருந்து அந்த அளவு குறைக்கப்பட்டது.

எப்போது கொடுப்பது என்பதற்கு அவ்வீட்டிலேயே ஓர் அளவுகோல் இருந்தது. மணிக்கு நூறுக்குச் சற்று மேல் என்ற வேகத்தில் சுற்றும் கைக்கு ஐந்து பீடி முடிய மூன்று நிமிடத்துக்கும் குறைவாகவே ஆகும். ஒரு கட்டுக்கு ஏறக்குறைய 13 நிமிடம். தொடக்கத்தில் ஒவ்வொரு பீடிக்கும் ஒரு துண்டு சாக்கின் மேல் விழுந்தது. நாய் நிலைத்துப் படுக்கத் தொடங்கியதும் ஐந்து பீடிக்கு ஒன்று, பிறகு அரைக்கட்டுக்கு ஒன்று, பிறகு கட்டுக்கு ஒன்று. கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தால் இதை ஒருவரும் ஒரு நாளைக்கு மேல் செய்திருக்க மாட்டார்கள். பீடியை எண்ணுவது அவர்கள் பிழைப்பு, எண்ணிக்கை தவறாது. நாய்ப் பயிற்சிக்கு நான் பார்த்தவற்றில் இவ்வளவு துல்லியமாகப் பின்பற்றப்பட்ட இடைவெளி வேறில்லை.

எழுந்து தட்டை நோக்கி வந்தால் யாரும் திட்டுவதில்லை, எறிவதுமில்லை. மருமகள் தட்டைத் தன் பக்கம் திருப்பி முழங்கையால் மறைத்துக்கொள்வார். ஆச்சி பேசாமல் சாக்கைப் பார்ப்பார். நாய் திரும்பிப் போய்ப் படுத்து, இரண்டு பீடி முடிந்த பிறகே துண்டு விழும். உடனே போட்டுவிட்டால் எழுந்து வந்து திரும்புவதையே ஒரு விளையாட்டாக்கிவிடும். முறுக்குக் காலத்தில் நடந்ததும் அதுதான்.

ஆச்சியிடம் நிகழ்ந்த மாற்றத்தை இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். கம்பையும் விளக்குமாற்றையும் கண்டு பல்லைக் காட்டிய நாய், நாள்தோறும் அவர் கையிலிருந்து துண்டு விழுவதைப் பார்த்தது. இரண்டாம் மாதத்தில் அவர் கை உயர்ந்தால் ஒடுங்குவதற்குப் பதில் வாலை ஆட்டிப் பார்க்கத் தொடங்கியது. விளக்குமாற்றுக்கு மட்டும் தனியாகச் சில நாள் செலவிட்டோம்: விளக்குமாறு சுவரில் சாய்ந்திருக்க ஒரு துண்டு, ஆச்சி அதைத் தொட ஒரு துண்டு, தூக்க ஒரு துண்டு. விழுந்து அடிபட்ட மனிதரே நாயின் முதன்மை ஆசிரியர் ஆனதால், கொடுத்துவிடும் பேச்சு தானாக நின்றது.

ஆறும் ஆடும்

மாலையில் பேத்தி வாய்க்கால் கரை வழியே செவலையை ஆற்றுக்கு அழைத்துப் போவாள். குறுகிய தலையுள்ள இவ்வகை நாய்க்குச் சாதாரணக் கழுத்துப் பட்டை பின்னுக்கு இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். எனவே மார்புப் பட்டையும் இரண்டு முழ நீளமுள்ள கயிறும் வாங்கச் சொன்னேன். கயிறு இறுகினால் நடை நிற்கும், தளர்ந்தால் நடை தொடரும். முதல் நாட்களில் அவர்கள் தெரு முனையைத் தாண்டவில்லை. பேத்தி பொறுமையானவள்; தம்பி உடன் வந்தால் மட்டும் இழுபட்டுக்கொண்டே ஓடுவான். ஒரு மாதம் அவனிடம் கயிறு கொடுக்கப்படவில்லை. சித்திரை, வைகாசி வெயிலில் தார்ச்சாலையும் மணலும் சூரியன் இறங்கிய பிறகும் கொதிக்கும். புறங்கையைத் தரையில் சில விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் அது ஆகாது என்பதால், அம்மாதங்களில் நடை விடியற்காலைக்கு மாற்றப்பட்டது.

ஆடு வேறு வகைச் சிக்கல். கதவும் சாக்கும் கற்றுக்கொண்ட பழக்கங்கள். ஆட்டைக் கண்டு பாய்வது கற்றதன்று. துரத்துவதைவிடப் பெரிய பரிசு அந்த நாய்க்கு எதுவும் இல்லை. ஆட்டுக்காரரிடம் பேசி அவர் மந்தை போகும் நேரத்தை அறிந்துகொண்டு, ஆட்டைப் பார்த்தும் ஈரலைத் தின்ன முடிகிற தொலைவில் நின்று தொடங்கினோம். தின்ன மறுத்தால் தொலைவு போதாது என்று பொருள். ஆட்டைப் பார்த்துவிட்டுப் பேத்தியின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் துண்டு. பிறகு இருவரும் எதிர்ப்பக்கமாகச் சேர்ந்து ஓடுவது. ஓட்டத்தை அடக்காமல் திசையை மட்டும் மாற்றிய இந்த முறை உணவைவிட நன்றாக வேலை செய்தது. நூறடிக்கு அப்பால் தொடங்கியது நாலைந்து மாதத்தில் வாய்க்காலின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் உள்ள தூரமாகக் குறைந்தது. அதற்கு மேல் குறையவில்லை. துள்ளி ஓடும் குட்டியைக் கண்டால் இன்றும் கயிறு இறுகுகிறது. செவலையைக் கயிறில்லாமல் திறந்தவெளியில் விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதை வீட்டார் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். நடவுக்கு முன் தரிசாகக் கிடக்கும், சுற்றிலும் வேலியுள்ள உறவினர் வயலில் முப்பது அடி நீளக் கயிற்றோடு வாரத்தில் சில நாள் ஓட விடுகிறார்கள்.

கொடையின்போது

மூன்றாம் மாதத்தில் ஊரில் சுடலைமாடன் கோயில் கொடை, அதாவது கோயில் திருவிழா, வந்தது. நையாண்டி மேளம், இரவு முழுதும் வில்லுப்பாட்டு, தெருவெங்கும் ஒலிபெருக்கி, வேட்டு, வீடு நிறைய உறவினர். கதவு நாள் முழுதும் திறந்து கிடந்தது. வந்தவர்கள் இலையிலிருந்து ஆட்டெலும்பை எடுத்துப் போட்டார்கள். சமைத்த எலும்பு சில்லுசில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும் என்று பேத்தி சொல்லியும் பெரியவர்கள் கேட்கவில்லை. வேட்டுச் சத்தத்தில் செவலை நடுங்கிப் பரணுக்குக் கீழே ஒடுங்கியது. இரண்டாம் நாள் அதை அடுப்பங்கரைக்குப் பின்னுள்ள அறையில், காற்றாடியை ஓடவிட்டு, பழைய வேட்டியின் மடிப்புகளில் சோற்றையும் ஈரலையும் சுருட்டி வைத்து, மருமகளின் தங்கை துணைக்கு இருக்க விட்டுவைத்தார்கள். முதல் நாளே இதைச் செய்திருக்கலாம்.

கொடை முடிந்ததும் கதவுப் பாய்ச்சல் திரும்பிவிட்டது. சாக்கிலும் அரைக்கட்டு வரைகூட நிலைக்கவில்லை. மருமகள் மிகவும் மனம் தளர்ந்துவிட்டார். மறுபடியும் ஒவ்வொரு பீடிக்கும் ஒரு துண்டு என்ற தொடக்க நிலைக்குப் போகச் சொன்னேன். பழைய இடத்துக்கு வர முதல் முறை ஆன காலத்தில் பாதிகூட ஆகவில்லை. வீட்டில் விருந்து, கல்யாணம், தீபாவளி போன்றவை வரும்போது நாயின் இடத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைப்பது அதன் பிறகு அவ்வீட்டின் வழக்கமாயிற்று.

ஆறாம் மாதம்

கதவைப் பொறுத்தவரை மகன் ஒருவர்தாம் இன்னும் விதியை மீறுகிறார். நள்ளிரவில் சீழ்க்கையடித்து, தாவும் நாயைத் தூக்கிக் கொள்கிறார். பல நாள் பிரிந்திருந்து வரும் மனிதரிடம் நாயைக் கொஞ்சாதே என்று சொல்ல எனக்கு மனமில்லை, சொன்னாலும் நடக்காது. எனவே அவர் புறவாசல் வழியே வந்து, அங்கே தரையில் உட்கார்ந்துகொண்டு சீழ்க்கையடிப்பது என்று முடிவாயிற்று. உட்கார்ந்திருப்பவர் மேல் தாவ வேண்டிய தேவை நாய்க்கு இல்லை. வாசற்கதவின் பாடமும் கெடுவதில்லை.

சாக்கில் செவலை இப்போது மூன்று கட்டு முடியும் வரை துண்டு எதிர்பாராமல் படுத்திருக்கிறது, பெரும்பாலும் தூங்கிவிடுகிறது. தட்டுக்கு வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது. மூடியும் பரணும் அப்படியே தொடர்கின்றன. மருமகள் பீடிக்கடைக்குப் போகுமுன் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, சாக்கின் மேலேயே அதன் காதையும் விரலிடுக்கையும் விரித்து உண்ணி பார்க்கிறார்; ஒரு காதுக்கு ஒரு துண்டு, ஒரு பாதத்துக்கு ஒரு துண்டு. மருத்துவமனையில் வாய்க்கட்டுப் போடாமல் ஊசி போட முடிந்ததற்கு இந்த அன்றாடத் தொடுதலே காரணம்.

நாலாம் மாதத்தில் செவலை பருவத்துக்கு வந்தது. கருத்தடை அறுவையை அதனால் இரண்டு மாதம் தள்ளி வைத்தோம். இப்போது நாள் குறித்திருக்கிறோம். அறுவைக்குப் பின் 10 முதல் 14 நாள் வரை அது ஓடவோ குதிக்கவோ கூடாது. ஓடுவதற்கென்றே பிறந்த நாயை அத்தனை நாள் அமர்த்தி வைப்பது எளிதன்று. ஆகவே பட்டாசலில் இரண்டாவது சாக்கு ஒன்றை இப்போதே விரித்து, கழுத்தைச் சுற்றிப் போடும் கூம்பு மறைப்பையும் நாளுக்கு இரண்டு வேளைச் சோற்றின்போது மாட்டிக் கழற்றிப் பழக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த வேலையைப் பேரன் ஏற்றிருக்கிறான். ஆச்சி அருகில் உட்கார்ந்து எண்ணுகிறார்.